முயலின் கண்ணில் நீர் வடிந்தால் முதலில் வாயைப் பாருங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வியின் சுருக்கம் இது. வீட்டில் ஒரு வெள்ளை முயல் இருக்கிறது. வயது மூன்று, எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சில வாரங்களாக இடது கண்ணில் மட்டும் நீர் வடிகிறது. காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பீளை கட்டியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே முடி கொட்டித் தோல் சிவந்துவிட்டது. கேரட், முட்டைக்கோஸ், கொஞ்சம் சோறு, கடையில் வாங்கும் பெல்லட் என்ற குச்சித் தீவனம், பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கட், இதுதான் அன்றாடத் தீனி. கண்ணுக்கு நல்லது என்று கேரட்டை இன்னும் கூட்டியிருக்கிறார்கள். அப்பத்தா நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். "கண் சரியாக என்ன தீனி கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்தச் சொட்டு மருந்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் கோளாறு கண்ணில் தொடங்கியதாகத் தெரியவில்லை. ஒரே கண், வெள்ளைப் பீளை, வாரக்கணக்கில் நீடிப்பது, கூடவே புல்லே இல்லாத தீனி. இவ்வளவும் சேர்ந்தால் என் சந்தேகம் முதலில் பல் மேல்தான் போகும். முயலின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற யாரும் அதன் வாய்க்குள் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்பது என் கட்சி.

ஏன் என்று விளங்க முயலின் பல்லைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தம் 28 பற்கள். முன்னால் தெரிகிற வெட்டுப்பற்கள் மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் பற்களுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் சின்னப் பற்கள் இரண்டு. மீதி 22 கடைவாயில். நம் பல் முளைத்ததோடு நின்றுவிடும்; முயலுக்கு எல்லாப் பல்லும் ஆயுசு முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது, கடைவாய்ப் பல் அதைவிட மெதுவாக. வளர்கிற அளவுக்குத் தேய்ந்தாக வேண்டும். தேய்க்கிற வேலையைச் செய்வது புல். புல்லை மெல்லும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் திருகையைப் போல அரைக்கும், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். சோறு, பிஸ்கட், பெல்லட் எல்லாம் அப்படியில்லை. மேலும் கீழுமாக நாலு கடி, அப்புறம் விழுங்கியாயிற்று. வயிறு நிறைந்துவிடும், பல் தேய்ந்திருக்காது.

தேயாத பல் எங்கே போகும்? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று முட்டி நின்றுவிட்டால் வளர்ச்சி வேர்ப் பக்கமாகத் திரும்பும். கீழ்த்தாடையில் வேர் எலும்பைக் கீழே தள்ளும். தாடையின் அடி ஓரத்தை விரலால் தடவினால் சின்னச் சின்னப் புடைப்பாகத் தட்டுப்படும். மேல்தாடையில் வேர் மேலே போகும். அங்கே இருப்பது கண்குழி. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் அந்த வேர்களை ஒட்டித்தான் கண்ணீர்க் குழாயும் ஓடுகிறது.

அந்தக் குழாயின் அமைப்பே முயலுக்கு ஒரு சங்கடம். மனிதருக்கு ஒவ்வொரு கண்ணிலும் மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று என்று இரண்டு வடிகால் துளைகள் உண்டு. முயலுக்குக் கீழ் இமையில் ஒன்றே ஒன்று. அதிலிருந்து கிளம்பும் குழாய் வளைந்து வளைந்து மூக்குக்கு வந்து சேர்கிறது. மேல் வெட்டுப்பல்லின் வேரை ஒட்டித் திரும்புகிற இடத்தில் மிகவும் குறுகிவிடும். வேர் கொஞ்சம் நீண்டாலே அந்த இடம் நசுங்கும். கண்ணீர் இறங்க வழியில்லாமல் கன்னத்தில் வடியும். தேங்கி நிற்பதில் கிருமி சேர்ந்தால் பால் நிறத்தில் பீளை வரும். கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பக்கமாக, சுண்டுவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மூலையில் வெள்ளையாகப் பொங்கி வந்தால் குழாயில் சீழ் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். கண்ணுக்குப் பின்னால் கட்டி வைத்து, கண் வெளியே பிதுங்கும். முயலின் சீழ் ஓடுகிற பதத்தில் இருக்காது, கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் தானே வடிந்து ஆறிவிடும் என்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் செய்வதை இதற்குச் செய்ய முடியாது.

உங்கள் முயலுக்குப் பல்தான் காரணமா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அது தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். தீனியை ஆசையாக வாயில் எடுத்து, இரண்டு தடவை மென்று, கீழே போட்டுவிடுகிறதா? கெட்டியான கேரட்டை விட்டுவிட்டு மெத்தென்ற சோற்றை மட்டும் தேடுகிறதா? தாடைக்குக் கீழே முடி ஈரமாக இருக்கிறதா? புழுக்கைகள் முன்னைவிடச் சின்னதாக, அளவு ஒன்றுபோல் இல்லாமல் வருகிறதா? பின்பக்கத்தில் ஈரமான கொத்துப் புழுக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறதா? முயல் இரவிலும் விடியற்காலையிலும் ஒரு வகை மெத்தென்ற புழுக்கை போட்டு, அதை நேராக ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். அதில்தான் அதற்கு வேண்டிய பி வைட்டமின்களும் கொஞ்சம் புரதமும் இருக்கின்றன. வாய் வலிக்கிற முயல் குனிந்து அதை எடுக்காது, அது பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினால் காத்திருக்க வேண்டாம்.

சரி, கேரட். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் இருட்டில் பார்வை மங்கும், கருவிழி வறண்டு போகும் என்பது உண்மை. அதற்காகக் கூடக் கூடக் கொடுத்தால் கண் கூர்மையாகும் என்பது கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் விமானிகள் கேரட் தின்பதால்தான் இரவில் எதிரியைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். விமானத்தில் இருந்த ராடாரை மறைக்கச் சொன்ன கதை அது. இன்றுவரை நம் அடுப்படியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்கு வேண்டிய கரோட்டினைக் கணக்குப் பார்த்தாலும் கேரட் முதலிடத்தில் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் கேரட்டுக்குக் கரோட்டின் 1890 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். முருங்கைக் கீரைக்கு 6780, கொத்தமல்லித் தழைக்கு 6918. கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் வேலையை முயலின் உடம்பு நன்றாகவே செய்யும். பச்சைப் புல்லும் தழையும் தின்கிற முயலுக்கு அந்தக் குறை வருவது அபூர்வம். கேரட்டில் மிஞ்சுவது இனிப்பு. அந்த இனிப்பு குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் குலைத்துக் கழிச்சலில் விடும். இனிப்புக்குப் பழகிய முயல் புல்லைத் தொடாது, இது அதைவிடப் பெரிய தொல்லை. மருந்து மாத்திரையை ஒளித்துக் கொடுக்க விரல் நகம் அளவு கேரட் போதும்.

கோழிக்குக் கொடுக்கும் வைட்டமின் டானிக்கைத் தண்ணீரில் கலந்து விடுகிறவர்களும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். மிஞ்சிய வைட்டமின் ஏ சிறுநீரில் போய்விடாது, ஈரலில் சேரும். சினை முயலுக்கு இது குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து: கரு கலையும், அல்லது தலையில் நீர் கோத்த குட்டிகள் பிறக்கும்.

அப்புறம் என்னதான் கொடுப்பது? வளர்ந்த முயலின் தீனியில் பெரும்பங்கு, ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல், புல்லாக இருக்க வேண்டும். நம் கரையில் இதற்குப் பெரிய செலவு இல்லை, உழைப்புதான் வேண்டும். இணையத்தில் விற்கும் வெளிநாட்டுக் காய்ந்த புல் நல்லதுதான். பாம்பன் பாலம் தாண்டி வந்து சேரும் கூலியோடு பார்த்தால் கட்டுப்படியாகாது. அருகம்புல் முதல் தரம். மானாவாரிக் காடுகளில் தானே முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லும் நன்றாக இருக்கும். உச்சிப்புளி, பனைக்குளம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் வளர்க்கும் கோ-4 மாதிரியான நேப்பியர் புல்லையும் கேட்டு வாங்கலாம். இளசாக இருப்பதை நறுக்கிக் கொடுங்கள். முற்றிய தண்டை முயல் ஒதுக்கிவிடும், இலை ஓரமும் சொரசொரவென்று இருக்கும். ஆட்டுக்குப் போடும் முயல் மசால், வேலிமசால் எல்லாம் பயறு வகைத் தீவனம். வளரும் குட்டிக்கு நல்லது, மூன்று வயது முயலுக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஒரு பிடி போதும். குதிரை மசாலும் அப்படித்தான்.

வைக்கோல் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பல்லைத் தேய்க்கும், ஆனால் சத்து இல்லை. புல்லோடு கலந்து போடலாம், அதையே முழுத் தீனியாக்க முடியாது. கருக்காயும் தூசியும் போக உதறி, கறுப்புப் புள்ளியோ புழுங்கிய வாடையோ இருந்தால் தூக்கி எறிந்துவிட்டுக் கொடுங்கள்.

நம் பக்கம் புல்லுக்குப் பருவம் வடகிழக்கு மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் எங்கு பார்த்தாலும் பச்சை, மாசி பிறந்தால் தேடினாலும் கிடைக்காது. ஆகையால் மழை விட்டதும் அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கதிர் முற்றுவதற்கு முன்னால் அறுங்கள். முற்றிய கதிரில் சத்தும் குறைவு, அதன் கூர்முனை கண்ணிலும் குத்தும். காலை வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, உச்சி வெயிலுக்கு முன் நிழலுக்கு மாற்றி, இரண்டு மூன்று நாள் திருப்பிப் போட்டுக் காய வைத்தால் பச்சை நிறம் மாறாமல் இருக்கும். வெளுத்து மஞ்சளாகிவிட்டால் கரோட்டின் போய்விட்டது என்று அர்த்தம். கடல் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் சணல் சாக்கில் போட்டு, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் காய்ந்த புல் என்று வையுங்கள், மாதம் சுமார் 3 கிலோ. மாசியிலிருந்து அடுத்த மழை வரைக்கும் இரண்டு மூன்று சாக்கு சேர்த்து வைத்தால் சமாளித்துவிடலாம்.

எங்கே அறுப்பது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்தடித்த மிளகாய்த் தோட்டத்து வரப்பு வேண்டாம். கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடியை ஆடே சரியாகத் தின்னாது, முயலுக்கும் வேண்டாம். எருக்கு பக்கத்திலேயே போகாதீர்கள். அதன் பால் ஒரு துளி கண்ணில் பட்டால் கருவிழியே கலங்கிவிடும், அறுக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தனுஷ்கோடிப் பக்கத்து மணல்மேட்டில் நிற்கும் இராவணன் மீசை பார்க்கப் புல்தான், முனை முழுக்க ஊசி. சீமைக் கருவேல முள் கலந்த புல்லும் அப்படியே. முயலின் கண் பெரிசு, பக்கவாட்டில் துருத்தி நிற்பது, இமைப்பதும் மிகவும் குறைவு. புல்லுக்குள் முகத்தைப் புதைத்துத் தின்னும்போது முள்ளுக்கு அதுதான் முதலில் அகப்படும். கூண்டில் போடுவதற்கு முன் ஒரு தடவை கையால் அளைந்து பாருங்கள். உங்கள் கையில் குத்துவது அதன் கண்ணிலும் குத்தும்.

கீரையில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, செம்பருத்தி இலை, வாழை இலைத் துண்டு எல்லாம் மாற்றி மாற்றித் தரலாம். நாளைக்கு இரண்டு கைப்பிடி. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் கரோட்டின் நிறைந்தவை, ஆனால் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிக அதிகம். அதே அட்டவணையில் 100 கிராம் முருங்கைக் கீரைக்குக் கால்சியம் 440 மில்லிகிராம், அகத்திக்கு 1130. முயலின் உடம்பு தீனியில் இருக்கும் கால்சியத்தைக் கிடைத்த அளவுக்கு உறிஞ்சிவிட்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீராக வெளுத்து, பையில் சேறாகப் படிந்து, கல் வரைக்கும் போகும். வாரத்தில் ஒரு நாள் ஒரு கொத்து முருங்கை போதும். அகத்தியை அதைவிடக் குறையுங்கள். மறுபக்கம், சோறும் கேரட்டுமாகவே வளர்கிற முயலுக்குக் கால்சியம் போதாமல் தாடை எலும்பு தளரும், பல் இருக்கையும் ஆட்டம் காணும். அதனால் முழுக்க நிறுத்தவும் வேண்டாம். லவ் பேர்ட்ஸ் கூண்டில் சொருகும் கணவாய் ஓட்டை மட்டும் முயல் கூண்டில் வைக்காதீர்கள். கரையில் சும்மா கிடைக்கிறதே என்று வைத்து, சிறுநீர் அடைத்து வந்த முயல்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டுக்கு ஒடித்துப் போடும் சூபாபுல் தழை வேண்டாம், அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு முடியைக் கொட்ட வைக்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முறுக்கு, பிஸ்கட், பன் எதுவும் கூடாது. நுங்குக் காலத்தில் பிள்ளைகள் நுங்கு ஊட்டுவார்கள். அதையும் அன்பாகத் தடுத்துவிடுங்கள். கடலைப் புண்ணாக்கு நம் ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை நஞ்சு முயலை மிக எளிதில் தாக்கும். பெல்லட் கொடுப்பதானால் ஒரு கிலோ எடைக்கு 25 கிராம், உங்கள் முயலுக்கு நாளைக்கு 50 கிராம், அதற்கு மேல் வேண்டாம். சின்னப் பையாக, தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். வெக்கையில் கிடந்த பெல்லட்டில் வைட்டமின் ஏ அட்டையில் எழுதியபடி இருக்காது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரை வைத்தால் முயல் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடல் மந்தமாகும், சிறுநீர் கெட்டியாகும். நீங்கள் குடிக்கிற குடத்துத் தண்ணீரையே அதற்கும் வையுங்கள். இரண்டு கிலோ முயல் நாளைக்கு 100 முதல் 300 மில்லி குடிக்கும். கோடையில் இன்னும் கூடும்.

எல்லாக் கண்ணீருக்கும் பல்லே காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் தெளிவான நீர் வடிந்தால் கூண்டைச் சுற்றிப் பாருங்கள். வைகாசி பிறந்துவிட்டால் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். கூண்டின் மேற்கு, தெற்குப் பக்கத்தைப் பனை ஓலைத் தட்டி வைத்து மறையுங்கள், மேலே காற்றோட்டம் விட்டு. சிறுநீர் ஊறிய சாக்கு, நாள்பட்ட குப்பை இருந்தால் அமோனியா நெடி கண்ணை எரிக்கும். உங்கள் முகத்தைக் கூண்டு உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள், உங்களுக்கு நெடி தெரிந்தால் அதற்கு நாள் முழுக்கத் தெரிகிறது. மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் காயப் போடும் களத்துப் பக்கம் கூண்டு இருக்கக் கூடாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்தான், முயலின் கண்ணுக்கு அந்தப் பெருமை புரியாது. ஒருமுறை ஒரு வீட்டில் மூன்று முயலுக்கும் கண் சிவந்து நீர் கொட்டியது. பக்கத்துக் களத்தில் சாக்கு உதறும் நேரமும் முயல்கள் கண்ணை இடுக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. கூண்டை வீட்டின் மறுபக்கம் மாற்றியதும் சரியாகிவிட்டது, மருந்தே தேவைப்படவில்லை.

தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்து, முன்காலின் உட்புற முடி சடை பிடித்திருந்தால் அது பாஸ்சுரெல்லா கிருமியின் வேலையாக இருக்கலாம். கண்ணுக்குள்ளேயே வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ என்செபாலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிப்பார்கள். இரண்டுக்கும் மருத்துவர் வேண்டும். வெள்ளை முயல் உட்கார்ந்தபடி தலையை மெல்ல இடம் வலமாக ஆட்டினால் அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணில் நிறமி இல்லாத முயல்கள் அப்படி ஆட்டித்தான் தூரத்தைக் கணிக்கின்றன. அவற்றுக்குக் கூசும் என்பதால் மொட்டை மாடி வெளிச்சத்தில் வைக்காமல் இருட்டான ஒரு மூலை கொடுங்கள்.

இனி அந்தச் சொட்டு மருந்து. புட்டியைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட ஸ்டீராய்டு அதைப் புண்ணாக்கும், பூ விழும், கண்ணே உடையலாம். போதாததற்கு முயலின் உடம்பு ஸ்டீராய்டைத் தாங்காது. கண்ணில் விடும் சொட்டே நோய் எதிர்ப்பைக் குறைக்கப் போதும். மருத்துவர் முதலில் ஃபுளோரசின் என்ற சாயத்தை விட்டுப் பார்ப்பார். கீறல் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனை ஆகாமல் எந்த ஸ்டீராய்டும் வேண்டாம். வாய்வழியாக அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் கொடுக்கவே கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய சிரப்பில் மிச்சம் இருக்கிறதே என்று கொடுத்தால் குடலில் நல்ல கிருமிகள் செத்து, சில நாளில் முயலும் போய்விடும். இது மிகைப்படுத்தல் இல்லை. உண்ணிக்கு நாயின் முதுகில் விடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு எமன்.

அப்பத்தாவின் நந்தியாவட்டைச் சாறு? அப்பத்தாவுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, சாற்றை விடாமல் இருந்துவிடுங்கள். அந்தச் செடியைக் கிள்ளினால் பால் வரும், பூவை எவ்வளவு பக்குவமாகப் பிழிந்தாலும் அதில் சேராது என்று உறுதி இல்லை. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: மெடிக்கலில் 0.9 சதவீத நார்மல் சலைன் வாங்கி, பஞ்சில் நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பீளையை ஊறவைத்துத் துடைப்பது. ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. அப்புறம் உலர்ந்த பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள், அந்தச் சிவந்த தோல் ஈரத்தில்தான் புண்ணாகிறது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் கேட்டு வாங்கலாம். முன்பல்லைச் சும்மா பார்த்தாலே தெரியும், கடைவாய்க்குக் காது பார்க்கும் கருவியை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். வேர் எவ்வளவு போயிருக்கிறது என்பதற்குத் தலை எக்ஸ்ரே. கண்ணீர்க் குழாயை, கீழ் இமைத் துளையில் மெல்லிய குழலைச் செருகி, சலைன் விட்டு அலசுவார்கள், மூக்கு வழியாக அழுக்கு வெளியே வரும். நீண்ட பல்லை மயக்கம் கொடுத்து, ராவும் கருவியால் தேய்க்க வேண்டும். நகவெட்டியாலோ கம்பி வெட்டும் இடுக்கியாலோ வெட்ட யாராவது வந்தால் விடாதீர்கள். பல் நெடுக்கே பிளந்து, பிளவு வழியே வேரில் சீழ் பிடிக்கும். ராமநாதபுரம் கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். எக்ஸ்ரேயும் மயக்கமும் தேவைப்பட்டால் மதுரையில் வளர்ப்புப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர்களிடமோ, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். கூடைக்குள் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி வையுங்கள், அது சாய்ந்துகொள்ளும்.

வாயைப் பார்ப்பதற்கு முன்னால் தீனியை முழுக்க மாற்றிவிடாதீர்கள். பல் வலிக்கிற முயல் முன்னால் புல்லை மட்டும் போட்டால் அது பட்டினி கிடக்கும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் முயலுக்கு அது உயிர்ப் பிரச்சினை, குடல் நின்றுவிடும். வாய் சரியான பிறகு பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். பிஸ்கட்டும் சோறும் முதலில் போகட்டும், அப்புறம் முட்டைக்கோஸ், பெல்லட் கடைசியில் குறையட்டும். முயல் அந்தி சாயும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகத் தின்னும், அப்போது புதுப் புல்லைப் போடுங்கள். காய்ந்த புல்லில் கொத்தமல்லித் தழையைக் கசக்கித் தேய்த்தால் வாசனைக்கு வாய் வைக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு கிலோ முயலில் 100 கிராம் குறைந்தாலும் காரணம் தேட வேண்டும்.

ஏற்கெனவே நீண்டுவிட்ட வேரைப் புல் திரும்பச் சுருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் மோசமாகாமல் தடுக்கும், மிச்சப் பற்களைக் காப்பாற்றும். அலசிய குழாய் சில மாதத்தில் மறுபடி அடைக்கவும் கூடும். சில முயல்களுக்குக் கண் ஓரம் கசிவது ஆயுசுக்கும் இருக்கும், தினமும் துடைத்துவிட்டால் அவை நன்றாகவே வாழ்கின்றன.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அது விரும்பித் தின்னும் தழையில் ஒரு பிடி கட்டி எடுத்துப் போங்கள். நாய்க்கும் பூனைக்கும் மயக்கம் கொடுக்குமுன் பட்டினி போடுவார்கள், வாந்தி எடுத்துவிடும் என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, அதைப் பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். யாராவது முதல் நாள் இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொன்னால், இது முயல் என்று ஞாபகப்படுத்தி இன்னொரு தடவை கேளுங்கள். மயக்கம் தெளிந்ததும் அந்தத் தழையை மூக்குக்கு நேரே வையுங்கள். அது மெல்லத் தொடங்கிய பிறகு பஸ் ஏறினால் போதும்.